சரக்குந்துக் கியர்ப்பெட்டிகளும் அமெரிக்க வணிக ஓட்டுநர் உரிமமும்

சரக்குந்துக் கியர்ப்பெட்டி (பற்சக்கரப் பெட்டி) என்பது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்கு ஏற்ற வேகத்திலும் முறுக்கு விசையிலும் மாற்றித் தரும் இயந்திர அமைப்பு ஆகும். ஓட்டுநர் தம் கையாலும் காலாலும் இயக்குவது கைமுறைப் பெட்டி எனவும், கணினியோ நீரியல் அமைப்போ இயக்குவது தானியங்கிப் பெட்டி எனவும் வழங்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வேறுபாடு வெறும் வசதி பற்றியது அன்று. கனரக ஊர்தி ஓட்டப் புதிதாகக் கற்பவர் எவ்வகைப் பெட்டியுள்ள ஊர்தியில் தேர்வு எழுதுகிறாரோ, அதனைப் பொறுத்தே அவரது உரிமத்தின் எல்லை அமைகிறது. தானியங்கி ஊர்தியில் தேறியவரின் உரிமத்தில் 'ஈ' என்னும் கட்டுப்பாட்டுக் குறி பதியப்படும். அதனை நீக்கும் வரை அவர் கைமுறைப் பெட்டியுள்ள வணிக ஊர்தியை ஓட்ட இயலாது.

பல கியர்கள் தேவைப்படுவதன் காரணம்

மகிழுந்தின் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுழற்சி வரை செல்லக்கூடியது. கனரக டீசல் எஞ்சின் அவ்வாறன்று. அதன் பயனுள்ள எல்லை ஏறத்தாழ 1000 முதல் 1800 சுழற்சிக்குள் அடங்கிவிடும். இக்குறுகிய எல்லைக்குள் எஞ்சினை வைத்துக்கொண்டே, நின்ற நிலையிலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை 80,000 பவுண்டு (36,287 கிலோகிராம்) எடையை நகர்த்த வேண்டும். இது மாநிலங்களுக்கிடை நெடுஞ்சாலைகளில் சிறப்பு அனுமதியின்றிச் செல்லத்தக்க உயர்ந்தபட்ச மொத்த எடை ஆகும். ஐந்து அல்லது ஆறு கியர்கள் இதற்குப் போதா. எனவே 10, 13, 18 கியர்கள் கொண்ட பெட்டிகள் வழக்கில் வந்தன.

இவற்றுள் பெயர் பெற்றவை மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் தொடங்கிய புல்லர் நிறுவனத்தின் வழிவந்த ஈட்டன் புல்லர் 'ரோட் ரேஞ்சர்' பெட்டிகள் ஆகும். பத்து கியர்ப் பெட்டியில் கைப்பிடிக்குப் பத்து இடங்கள் இருப்பதில்லை. ஐந்து இடங்களே உண்டு. கைப்பிடிக் குமிழில் உள்ள நெம்புகோலை மேலே உயர்த்தினால் அதே ஐந்து இடங்கள் ஆறு முதல் பத்து வரையான கியர்களாகிவிடும். பதினெட்டுக் கியர்ப் பெட்டியில் இதனோடு மற்றொரு பொத்தானும் சேர்ந்து ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிரிக்கும். கீழ் வரிசையில் ஐந்து இடங்கள் பத்தாகவும், மேல் வரிசையில் நான்கு இடங்கள் எட்டாகவும் பெருகுகின்றன. பதின்மூன்று கியர்ப் பெட்டியில் மேல் வரிசை மட்டுமே பிரியும். ஆகவே கீழே ஐந்தும் மேலே எட்டும் கிடைக்கும்.

ஒத்திசைப்பி இல்லாமை

கைமுறை மகிழுந்து ஓட்டத் தெரிந்தவரும் அமெரிக்கச் சரக்குந்தில் ஏறியவுடன் தடுமாறுவர். மகிழுந்தின் பெட்டியில் ஒத்திசைப்பி (சின்க்ரோமெஷ்) உள்ளது. சேரவேண்டிய இரு பற்சக்கரங்களின் வேகத்தை உராய்வினால் சமப்படுத்தும் வளையம் அது. அமெரிக்கக் கனரகக் கைமுறைப் பெட்டிகளில் பெரும்பாலும் இவ்வளையம் கிடையாது. தேய்மானத்துக்குள்ளாகும் உறுப்பு ஒன்று குறைவதால் பெட்டி நீண்ட காலம் உழைக்கும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஐரோப்பியச் சரக்குந்துகளின் கைமுறைப் பெட்டிகளில் ஒத்திசைப்பி பொதுவாக இருந்து வந்துள்ளது.

ஒத்திசைப்பி செய்யும் பணியை இங்கு ஓட்டுநரே செய்ய வேண்டும். அதற்கான முறை இரட்டைக் கிளட்ச் முறை எனப்படும். மேல் கியருக்குச் செல்லும்போது, முடுக்கியிலிருந்து காலை எடுத்து, கிளட்சை அழுத்திக் கைப்பிடியை நடுநிலைக்குக் (நியூட்ரல்) கொண்டுவர வேண்டும். பின் கிளட்சை விட்டு, எஞ்சின் வேகம் உரிய அளவுக்குக் குறையும் வரை பொறுத்து, மீண்டும் கிளட்சை அழுத்தி அடுத்த கியரில் இட வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது வரிசை இதுவே. ஆனால் நடுநிலையில் கிளட்சை விட்டபின் பொறுப்பதற்கு மாறாக முடுக்கியை அழுத்தி எஞ்சின் வேகத்தை உயர்த்த வேண்டும்.

எண்ணில் காண்பின் இது தெளிவாகும். அடுத்தடுத்த இரு கியர்களின் விகிதம் 1.33 எனக் கொள்வோம். எஞ்சின் 1500 சுழற்சியில் இருக்கும்போது மேல் கியருக்கு மாறினால், ஊர்தியின் வேகம் மாறாத நிலையில், எஞ்சின் ஏறத்தாழ 1130 சுழற்சிக்கு இறங்கியிருக்க வேண்டும். அந்த 370 சுழற்சி இடைவெளியைக் காதாலும் பாதத்தாலும் அளந்தறிவதே கற்க வேண்டிய கலை. சற்று முந்தினாலும் பிந்தினாலும் பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து கரகரக்கும். நடுநிலையில் நெடுநேரம் நின்றுவிட்டால் எந்தக் கியரும் ஏறாது. அப்போது வலிந்து தள்ளாது, நடுநிலைக்கே திரும்பி, எஞ்சின் வேகத்தைச் சாலை வேகத்திற்கு ஏற்ப உயர்த்தி மீண்டும் முயல வேண்டும் என மாநிலங்கள் வெளியிடும் வணிக உரிமக் கையேடு அறிவுறுத்துகிறது.

கிளட்ச் மிதியிலும் ஒரு வேறுபாடு உண்டு. அதன் பயணத்தின் அடியில், தரையை ஒட்டிய சிறு பகுதியில், கிளட்ச் பிரேக்கு எனும் உறுப்பு செயற்படும். நின்ற ஊர்தியில் முதல் கியரை இடுவதற்கே அது உரியது. மகிழுந்துப் பழக்கத்தில் ஓடும் ஊர்தியின் கிளட்சைத் தரைவரை மிதிப்பவர் விரைவில் அதனைத் தேய்த்து அழித்துவிடுவார். பட்டறிவுள்ள ஓட்டுநர் பலர் கிளட்சைத் தொடாமலேயே வேகத்தைப் பொருத்திக் கியர் மாற்றுவர். ஆயினும் உரிமத் தேர்வில் இதற்கு இடமில்லை. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பயன்படுத்த வேண்டும், ஒத்திசைப்பி இல்லாத பெட்டியாயின் இரட்டைக் கிளட்ச் முறையைக் கையாள வேண்டும், திருப்பத்திலும் சந்திப்பிலும் கியர் மாற்றக் கூடாது என்பன தேர்வின் எதிர்பார்ப்புகள் ஆகும்.

தானியங்கிகளின் வகைகள்

'தானியங்கி' என்னும் ஒரே சொல் இரு வேறு இயந்திரங்களைக் குறிக்கிறது. முதலாவது, கிளட்சுக்கு மாற்றாக எண்ணெயால் இயங்கும் முறுக்கு மாற்றி (டார்க் கன்வெர்ட்டர்) கொண்டது. அலிசன் நிறுவனத்தின் பெட்டிகள் இவ்வகையின. குப்பை ஊர்தி, தீயணைப்பு ஊர்தி, பள்ளிப் பேருந்து போன்று அடிக்கடி நின்று செல்பவற்றில் இவை மிகுதி.

இரண்டாவது, நெடுந்தொலைவுச் சரக்குந்துகளில் பரவலானது. இதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் கைமுறைப் பெட்டியின் அமைப்பே. கிளட்சும் பற்சக்கரங்களும் உண்டு. அவற்றை மனிதனுக்கு மாற்றாகக் கணினியின் ஆணைப்படி காற்றழுத்த அல்லது மின் இயக்கிகள் நகர்த்துகின்றன. ஆதலின் இதனைத் தானியக்கக் கைமுறைப் பெட்டி எனல் பொருந்தும். 1990களில் வந்த ஈட்டனின் 'ஆட்டோ ஷிப்ட்' பெட்டியில் கிளட்ச் மிதி இருந்தது. புறப்படவும் நிற்கவும் மட்டும் அது பயன்பட்டது. பின்வந்தவற்றில் மிதியே இல்லை. வோல்வோவின் 'ஐ-ஷிப்ட்' ஐரோப்பாவில் 2001 இலும் வட அமெரிக்காவில் 2007 இலும் அறிமுகமாயிற்று. மாக் நிறுவனத்தின் 'எம்டிரைவ்' 2010 இலும், டிட்ராயிட்டின் 'டிடி12' 2012 இலும், ஈட்டன்-கம்மின்சு கூட்டு நிறுவனத்தின் 'எண்டியூரண்ட்' 2017 இலும் வந்தன. இன்று அமெரிக்காவில் விற்கப்படும் புதிய நெடுந்தொலைவுச் சரக்குந்துகளில் பெரும்பாலானவை இவ்வகைப் பெட்டி கொண்டவையே.

இம்மாற்றத்திற்கு எரிபொருள் ஒரு முதன்மைக் காரணம். கைமுறைப் பெட்டியில் தேர்ந்த ஓட்டுநருக்கும் புதியவருக்கும் இடையே டீசல் செலவில் பெரும் வேறுபாடு ஏற்படும். கணினியோ எல்லோருக்கும் ஒரே அளவில் கியர் மாற்றும். திறன்மிக்க பழைய ஓட்டுநரை அது பெரிதாக விஞ்சுவதில்லை. திறன் குன்றியவரையே மேலே தூக்குகிறது. நூற்றுக்கணக்கான ஓட்டுநர்களை வைத்திருக்கும் நிறுவனத்திற்கு இதுவே இலாபம். மற்றொரு காரணம், எஞ்சினை மேலும் தாழ்ந்த சுழற்சியில் ஓடவிடும் அண்மைக்கால வடிவமைப்பு. தாழ்ந்த சுழற்சியில் ஓடும் எஞ்சினுக்குச் சிறு ஏற்றம் வந்தாலும் கியர் மாற்றம் தேவைப்படும். அதனை நாள் முழுதும் கையால் செய்வது ஓட்டுநரைச் சோர்வடையச் செய்யும்.

சட்ட நிலை

அமெரிக்காவில் வணிக ஊர்திகளுக்கான தனி உரிமம் 1986 ஆம் ஆண்டின் வணிக ஊர்திப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவானது. உரிமத்தை மாநிலங்களே வழங்குகின்றன. ஆனால் அடிப்படை விதிகள் கூட்டரசினுடையவை. 2011 மே மாதம் வெளியான கூட்டரசு விதி, மாநிலங்களின் கட்டுப்பாட்டுக் குறிகளைச் சீர்ப்படுத்தியது. கைமுறைப் பெட்டி பற்றிய 'ஈ' குறி அதில் இடம்பெற்றது.

அவ்விதியின் வரையறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஓட்டுநர் மிதியாலோ நெம்புகோலாலோ இயக்கும் கிளட்சும், கையாலோ காலாலோ இயக்கும் கியர் மாற்றியும் ஆகிய இரண்டும் இருந்தால் மட்டுமே அது கைமுறைப் பெட்டி. ஏனைய யாவும், அரைத் தானியங்கியாயினும், இக்கட்டுப்பாட்டைப் பொறுத்தமட்டில் தானியங்கியாகவே கொள்ளப்படும். எனவே மேலே குறித்த, கிளட்ச் மிதி உள்ள 'ஆட்டோ ஷிப்ட்' ஊர்தியில் தேர்வு கொடுத்தவரும் கட்டுப்பாட்டிலிருந்து தப்ப இயலாது. கியரை மாற்றுவது கணினி என்பதே காரணம். உள்ளே இருப்பது கைமுறைப் பற்சக்கரங்கள்தாமே என்னும் வாதமும் எடுபடாது.

கட்டுப்பாடு வணிக ஊர்திகளுக்கு மட்டுமே உரியது. 'ஈ' குறி பெற்றவர் தம் சொந்தக் கைமுறை மகிழுந்தை ஓட்டத் தடையில்லை. மறுபுறம், உரிமத்தில் உள்ள கட்டுப்பாட்டை மீறி ஓட்டுநரை ஊர்தியில் ஏற்றுவது பணியமர்த்துவோர் மீதும் குற்றமாகும். எனவே, 'இன்று ஒருநாள் மட்டும் அந்தப் பழைய வண்டியை எடுத்துச் செல்' என்னும் பேச்சுக்கு இடமில்லை. கைமுறை ஊர்தியில் தேறியவருக்கு இருவகையும் ஓட்ட உரிமை உண்டு.

கட்டுப்பாட்டை நீக்குதல்

'ஈ' குறி வாழ்நாள் முழுதும் நிலைப்பது என்றும், நீக்க வேண்டுமாயின் பயிற்சி முதல் யாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும் என்றும் கற்போரிடையே ஒரு கருத்து உண்டு. இது சரியன்று. கூட்டரசு விதிப்படி, கட்டுப்பாட்டை நீக்க விரும்புபவர் திறன் தேர்வு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. கைமுறைப் பெட்டியைப் பாதுகாப்பாக இயக்க வல்லவர் என்பதைக் காட்டும் மாற்றியமைக்கப்பட்ட தேர்வு ஒன்றை மாநிலம் நடத்தலாம். 2022 பெப்ரவரி 7 முதல் புதியவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட தொடக்கநிலை ஓட்டுநர் பயிற்சியும் கட்டுப்பாட்டு நீக்கத்திற்குத் தேவையில்லை. 'நடத்தலாம்' என்பதே சட்டத்தின் சொல் ஆதலால், நடைமுறை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். தம் மாநில உரிம அலுவலகத்தில் முன்கூட்டியே வினவுதல் நன்று.

நடைமுறையில் இடர் வேறிடத்தில் உள்ளது. தேர்வுக்குரிய கைமுறைச் சரக்குந்தை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும். அவர் பணிபுரியும் நிறுவனத்தில் தானியங்கிகள் மட்டுமே இருப்பின், பயில்வதற்கும் தேர்வுக்கும் ஊர்தி கிடைப்பது அரிது. வாடகைக்கு ஊர்தியும் பயிற்றுநரும் தரும் பள்ளியைத் தேட வேண்டியிருக்கும். வேலையில் இருப்பவருக்கு அந்நாட்களின் ஊதிய இழப்பும் சேரும்.

புதிய ஓட்டுநரின் தேர்வு

எதில் பயில்வது என்பதற்கு ஒரே விடை இல்லை. அவரவர் எங்கு வேலை செய்ய எண்ணுகின்றனர் என்பதைப் பொறுத்து விடை மாறும். பெரிய நெடுந்தொலைவு நிறுவனங்களில் சேர விரும்புபவருக்குக் கைமுறை இனி இன்றியமையாதது அன்று. அத்தகைய நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிப் பள்ளிகளில் தானியங்கி மட்டுமே கிடைப்பதும் உண்டு.

தானியங்கியில் கற்பதன் முதன்மையான நன்மை கவனம் சிதறாமை ஆகும். முதல் வாரத்தில் கற்பவர் கண்ணாடிகளைப் பார்க்க வேண்டும், பின்னிணைந்த டிரெய்லர் திருப்பத்தில் உள்வாங்குவதை உணர வேண்டும், பிரேக்குத் தொலைவைக் கணிக்க வேண்டும், பின்னோக்கி ஓட்டும்போது எதிர்த்திசையில் திருப்பப் பழக வேண்டும். இவற்றோடு கியர் மாற்றமும் சேரும்போது சிலர் கியரை மட்டுமே நினைத்துச் சாலையை மறந்துவிடுகின்றனர். சாலைப் பாதுகாப்பு நோக்கில் இது சிறிய செய்தி அன்று. முழங்கால் நோயுள்ளோருக்கும், நகர நெரிசலில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை கிளட்ச் மிதிப்போருக்கும் தானியங்கி பேருதவியாகும்.

கைமுறையில் தேறுவதன் நன்மை கதவுகள் திறந்திருப்பது. மிகு பாரம் ஏற்றுவோர், மரம் வெட்டி இழுப்போர், எண்ணெய் வயல்கள், கட்டுமானத் துறை, பண்ணைகள், ஒன்றிரண்டு ஊர்திகள் மட்டும் வைத்துள்ள சிறு நிறுவனங்கள் ஆகியவற்றில் கைமுறைச் சரக்குந்துகள் இன்றும் ஓடுகின்றன. சொந்த ஊர்தி வாங்க எண்ணுவோருக்கு இது மேலும் பொருந்தும். விலை குறைந்த பழைய ஊர்திகள் பெரும்பாலும் கைமுறையானவை. இதில் மற்றொரு சட்டமும் குறுக்கிடுகிறது. 2017 திசம்பரில் நடைமுறைக்கு வந்த மின்னணுப் பணிநேரப் பதிவுக் கருவி விதியிலிருந்து, 2000 ஆம் ஆண்டு வடிவத்திற்கு முந்தைய எஞ்சின் கொண்ட ஊர்திகளுக்கு விலக்கு உண்டு. இவ்விலக்கிற்காகவே அத்தகைய ஊர்திகளை விரும்பி வாங்குவோர் உள்ளனர். அக்காலத்து ஊர்திகளில் தானியங்கி அரிது.

கைமுறை தெரிந்தவரே உண்மையான ஓட்டுநர் என்னும் பேச்சு இத்தொழிலில் நெடுங்காலமாக உண்டு. தானியங்கி ஓட்டுநரும் அதே எடையை, அதே பனிச்சாலையில், அதே சட்டத்தின் கீழ் கொண்டுசெல்கிறார் என்பதை அப்பேச்சு மறந்துவிடுகிறது. ஆயினும் எஞ்சின் வேகம், கியர், சாலைச் சரிவு ஆகியவற்றின் தொடர்பை உடலால் உணர்ந்தவருக்குக் கணினி ஏன் அவ்வாறு செய்கிறது என்பது எளிதில் விளங்கும் என்பதும் உண்மையே. வசதியும் காலமும் உள்ளவர் கைமுறையில் தேறிப் பின் தானியங்கியில் பணிபுரிவதால் இழப்பதொன்றும் இல்லை. கடன் பெற்றுப் பயில்பவர், நான்கு வாரத்தில் ஊதியம் காண வேண்டியவர், கிடைக்கும் ஊர்தியில் தேறி வேலையில் சேர்வதும் தவறான முடிவாகாது.

மலைச் சரிவில்

இருவகைப் பெட்டிகளும் ஓட்டுநரைக் கடுமையாகச் சோதிப்பது இறக்கத்தில்தான். ஓரிகன் மாநிலத்தில் 84 ஆம் எண் நெடுஞ்சாலையில் உள்ள காபேஜ் மலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 6 மைல் (9.7 கிலோமீட்டர்) தொலைவில் சாலை 2000 அடி (610 மீட்டர்) இறங்குகிறது. இடையே கொண்டையூசி வளைவுகளும் உள்ளன. முழுப் பாரத்துடன் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும்.

ஆதலின் இறக்கம் தொடங்கும் முன்னரே தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்சினின் தடுப்பாற்றலையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். பிரேக்கு அதற்குத் துணை மட்டுமே. பாதுகாப்பான வேகம் மணிக்கு 40 மைல் எனின், அவ்வேகத்தை எட்டும்போது பிரேக்கை உறுதியாக அழுத்தி 35 மைலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். மீண்டும் 40 ஐ எட்டும்போது இவ்வாறே செய்ய வேண்டும்.

கைமுறையில் புதியவர் செய்யும் உயிராபத்தான பிழை, வேகம் மிகுந்தபின் கியரைக் குறைக்க முயல்வது. நடுநிலைக்கு வந்த பெட்டி எந்தக் கியரையும் ஏற்காது. அந்நொடியே எஞ்சின் தடுப்பு முழுதும் அற்றுப்போகும். தானியங்கியில் இவ்வாறு நடுநிலையில் சிக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் வேறொரு இடர் உண்டு. கணினி பொதுவாக எரிபொருள் சிக்கனத்தை நோக்கி மேல் கியரை நாடும். சில ஊர்திகளில் அது சாலைச் சரிவை அறிந்து கியரைப் பிடித்து வைக்கும். எனினும் ஓட்டுநரே கைத்தேர்வு நிலைக்கு மாற்றித் தாழ்ந்த கியரை நிறுத்தி, எஞ்சின் பிரேக்கை இயக்கிவிட்டு இறங்குவதே பாதுகாப்பு. வேகம் ஏறியபின் தானியங்கியை வலிந்து தாழ் கியருக்குத் தள்ளினால் பெட்டி சேதமுற்று, எஞ்சின் தடுப்பும் இல்லாமற் போகலாம். அதாவது, தானியங்கி ஓட்டுநர் கியரைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை என்பது சமவெளிக்கு மட்டுமே பொருந்தும்.

தானியக்கக் கைமுறைப் பெட்டிக்கே உரிய சில பழக்கங்களும் கற்க வேண்டியவை. இதன் உள்ளே உண்மையான கிளட்ச் இருப்பதால், ஏற்றத்தில் முடுக்கியை மெல்ல அழுத்தி ஊர்தியை அசையாது நிறுத்தி வைத்தால் கிளட்ச் சூடேறும். பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும். சரக்கு மேடையை ஒட்டி அங்குலம் அங்குலமாகப் பின்செல்லும்போது ஊர்தி சற்றுத் தயங்கிப் பின் குதிப்பதும் உண்டு. புதியவர் இதனை வெற்றிடத்தில் பழகிக்கொள்வது நலம்.

தொடர்வண்டிப் பாதையைக் கடப்பது பற்றிய விதி இரு வகையினருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயணிகள் பேருந்துகளும், இடர்தரு பொருள் ஏற்றிய குறிப்பிட்ட ஊர்திகளும் தண்டவாளத்திற்கு 50 அடிக்குள், ஆயின் 15 அடிக்குக் குறையாமல் நின்று பார்த்தே கடக்க வேண்டும். கடக்கும்போது கையால் கியர் மாற்றுதல் கூடாது. தண்டவாளத்தின் நடுவே கியர் தவறினால் ஊர்தி அங்கேயே நின்றுவிடும் என்பதே இதன் நோக்கம்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியங்கிக் கட்டுப்பாடு உரிமத்தில் 78 என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. 2012 ஆம் ஆண்டின் ஒன்றிய ஆணை ஒன்று இதனைத் தளர்த்தியது. மகிழுந்து உரிமத்தையேனும் கைமுறையில் பெற்றவர், பின்னர் தானியங்கிச் சரக்குந்தில் தேறினாலும் அவருக்கு இக்கட்டுப்பாடு இடப்படுவதில்லை. ஐக்கிய இராச்சியமும் 2014 இல் இதே முறைக்கு மாறியது. அங்கு பெரும்பாலான புதிய சரக்குந்துகள் தானியங்கியாகிவிட்ட நிலையில், தேர்வுக்கென்றே பழைய கைமுறை ஊர்தியைப் பள்ளிகள் பேண வேண்டியிருந்த நிலை இதனால் நீங்கிற்று. அமெரிக்காவில் மகிழுந்து ஓட்டிய பட்டறிவுக்கு இத்தகைய மதிப்பு இல்லை. அங்குள்ள ஒத்திசைப்பியற்ற பெட்டியை நோக்கின் இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலம், தானியங்கி, ஒத்திசைப்பியுள்ள கைமுறை, ஒத்திசைப்பியற்ற கைமுறை என மூவகையாகவே கனரக உரிமத்தைப் பிரித்துப் பார்க்கிறது.